குளியலறைச் சுவரில் ஒரு மண்பானை

அக்னி நட்சத்திர நாட்களில் திருப்பரங்குன்றத்துப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் அனல் வீசும். வற்றிய கண்மாய்க் கரைகளில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தவளை என்றாலே மழை நினைவுக்கு வருகிற நமக்கு, அந்த மாதத்தில் தவளைகளெல்லாம் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டன என்று தோன்றும். ஆனால் மலையடிவாரத் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுக் குளியலறையில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். வென்டிலேட்டருக்குக் கீழே, டைல்ஸ் பதித்த சுவரில், கைகால்களை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, வெளுத்த நிறத்தில் ஒன்று ஒட்டியிருக்கும். விளக்குமாற்றால் தள்ளி வெளியே விடுவார்கள். இரண்டு நாள் கழித்து அதே மூலையில் மறுபடி ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் தோட்டமெங்கும் திரிகிற பிராணி, ஆண்டிலேயே மிகவும் காய்ந்த மாதத்தில் ஏன் வீட்டுக்குள் வருகிறது? அதிலும் கூடத்துக்கோ படுக்கையறைக்கோ போகாமல் குளியலறையையே ஏன் பிடித்துக்கொள்கிறது?

பூச்சி தின்ன வருகிறது என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கிற பதில். இது பொருந்தவில்லை. பூச்சிகள் மொய்ப்பது வாசல் விளக்கடியில். அதுவும் இருட்டிய பிறகு. குளியலறைச் சுவரில் இந்தப் பிராணி ஒட்டியிருப்பதோ பகலில், அசையாமல், கண்ணை உள்ளிழுத்துக்கொண்டு. இருட்டியதும் வந்த வழியே வெளியேறி இரை தேடுகிறது. அப்படியானால் குளியலறை அதற்குச் சாப்பாட்டுக் கூடம் அல்ல, பகலைக் கழிக்கிற மறைவிடம். அங்கே அதை இழுப்பது இரை இல்லை, ஈரக்காற்று. இந்த ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால், அதை என்ன செய்வது, எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தேரை என்று நாம் சொல்வது ஒரு பிராணியை அல்ல, குறைந்தது இரண்டை. பூந்தொட்டிக்கு அடியிலும் செங்கல் இடுக்கிலும் உட்கார்ந்து, முதுகெல்லாம் கரடுமுரடாக, தத்தித் தத்திப் போவது ஒன்று. அதைச் சொறித்தவளை என்றும் சொல்வார்கள். அதனால் சுவர் ஏற முடியாது. சுவரில் ஒட்டுவது வேறு: வழவழப்பான தோல், பெரிய கண்கள், விரல் நுனியில் வட்ட வட்டமான தட்டுகள். இது மரத்தவளை. 1830இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேயர் இதை விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் பாலிபிடேட்டஸ் மாக்குலேட்டஸ். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் இதைச் சுனாம் தவளை என்றார்கள். சுனாம் என்பது நம் சுண்ணாம்புதான். பெண் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் அதைவிடச் சிறியது. பழுப்பு நிற உடம்பு சில நேரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். இந்தக் கட்டுரையில் தேரை என்று வருமிடத்தில் எல்லாம் இந்தச் சுவர்த் தேரையைத்தான் சொல்கிறேன்.

இதன் தோலைப் புரிந்துகொள்ள வீட்டில் இருக்கிற மண்பானையே போதும். பானையின் நுண்துளைகள் வழியாக உள்ளே இருக்கிற நீர் வெளிப்பரப்புக்குக் கசிகிறது. அங்கே அது ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் குளிர்வது அதனால்தான். ஆனால் குளிர்ச்சி இலவசமாகக் கிடைப்பதில்லை. காலையில் நிரப்பிய பானை மாலைக்குள் விரற்கடை அளவு குறைந்திருக்கும். தவளையும் இப்படிப்பட்ட ஒரு பானைதான். பல்லிக்கும் பாம்புக்கும் செதில் போர்த்திய தோல் இருக்கிறது. நீர் எளிதில் வெளியேறாது. தவளைக்கு அந்தப் போர்வை கிடையாது. அது தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது, அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக, மெல்லியதாக இருந்தாக வேண்டும். காற்று உள்ளே போகிற வாசல் வழியாகவே நீர் வெளியே போய்விடுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. பானையில் தண்ணீர் தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். பல தவளை இனங்கள் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை இழந்தால் பிழைப்பதில்லை.

நீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத் தவளை மட்டும் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருக்கும் காற்றும் தீர்மானிக்கிறது. ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் நமுத்துப்போயே கிடக்கும். சித்திரையில் அரைமணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். துணி அதே துணி, மாறியது காற்றின் தாகம். காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே அதில் இருக்கிறது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். அது குறைவாக இருந்து, வெப்பமும் கூடினால் தாகம் பலமடங்காகும். காற்று வீசினால் இன்னும் மோசம்: துணியை ஒட்டி நிற்கிற ஈரப்படலத்தை அது அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது மதுரையின் மே மாத வீட்டைத் தேரையின் பக்கத்திலிருந்து பாருங்கள். வெப்பமானி 40 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது. படுக்கையறையிலும் அப்படியே, ஏ.சி. இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடுகிறது. காற்று அசையாமல், தரை நனைந்து, ஆவியான நீர் போக இடமில்லாமல் தேங்கி நிற்கிற ஒரே அறை குளியலறை.

தவளையின் தோல் பானை போன்றது என்பது வெறும் உவமை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அளக்கும் முறை அழகானது, அதே சமயம் எளிமையானது. உயிருள்ள தவளையைத் தராசில் நிறுத்தி, தெரிந்த வெப்பமும் ஈரப்பதமும் உள்ள காற்றை அதன்மேல் சீராக வீசவிட்டு, எடை குறையும் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவில், அதே வடிவத்தில், அகரில் ஒரு தவளை வார்க்க வேண்டும். அகர் வேறொன்றும் இல்லை, நோன்புக் காலத்தில் வீடுகளில் காய்ச்சிக் கட்டியாக்குகிற கடல்பாசிதான். அதில் பெரும்பகுதி நீர். தோல் என்ற தடை அதற்கு இல்லாததால், மூடாத நீர்ப்பரப்பு போலவே ஆவியை விடும். உயிர்த் தவளையும் கடல்பாசித் தவளையும் ஒரே வேகத்தில் எடை குறைந்தால், தோல் எந்தத் தடையும் போடவில்லை என்று பொருள். பெரும்பாலான தவளைகளில் விடை ஏறக்குறைய அதுதான். ஆனால் சில மரத்தவளைகள் இந்தக் கணக்கில் விலகி நின்றன. தென்னமெரிக்காவின் காய்ந்த சாக்கோ காடுகளில் வாழும் ஒரு மரத்தவளை, பல்லியைப் போலவே மிகக் குறைவாக நீரை இழக்கிறது என்று 1970களில் கண்டார்கள். அது தன் தோல் சுரப்பிகளிலிருந்து வரும் மெழுகைக் கைகால்களால் உடம்பு முழுக்கப் பூசிக்கொள்கிறது.

நம் தேரையும் இந்த வித்தையை ஓரளவு கற்று வைத்திருக்கிறது. அமெரிக்க உயிரியலாளர் ஹார்வி லில்லிவைட்டும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் அஜய் மித்தலும் மற்றவர்களும் சேர்ந்து 1997இல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். தேரையின் தோலில் சளியும் கொழுப்பும் கலந்த கசிவு வருகிறது. உடனே அது ஒரு காலைத் தூக்கி முதுகின் மேல் இழுக்கிறது, கையால் தலையையும் கண்ணோரத்தையும் வழிக்கிறது, பிறகு அடுத்த கால். தீபாவளி அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவரின் அசைவு அப்படியே இருக்கும். இந்தப் பூச்சு நீரிழப்பைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. சாக்கோ தவளைக்குக் கிடைத்த முழு மழைக்கோட்டு இதற்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் பூச்சோடு நிற்காமல் வேறு வழிகளையும் சேர்த்துக்கொள்கிறது. கைகால்களை உடம்புக்கடியில் மடக்கி, தாடையைச் சுவரோடு அழுத்தி உட்கார்கிறதே, அது தூங்கும் சுகத்துக்காக அல்ல. காற்றுபடும் பரப்பைக் குறைக்கிற உபாயம். வெளுத்த நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப உதவுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இதே தேரை பட்டப்பகல் வெயிலில் இலைமேலும் சுவர்மேலும் உட்கார்ந்திருப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே குழுவினர் 1998இல் அதைப் பற்றியும் எழுதினார்கள். வெயிலைத் தாங்குகிற பிராணிக்குக் குளியலறை எதற்கு? விடை பானையிலேயே இருக்கிறது. நிறைந்த பானை வெயிலில் நின்றாலும் கசிந்து கசிந்து தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். தேரையும் சூடேறினால் வியர்ப்பதுபோல் நீரை வெளிவிட்டுச் சமாளிக்கிறது. கேள்வி, அன்றிரவு மறுபடி நிரப்பிக்கொள்ள நீர் கிடைக்குமா என்பதுதான். புரட்டாசி, ஐப்பசியில் கிடைக்கும், அப்போது அது வெளியே இருக்கும். வைகாசியில் கிடைக்காது, அப்போது உள்ளே வரும். வீட்டுக்குள் வருவது எந்தப் பருவத்தில் என்பதே இதற்குச் சாட்சி.

நிரப்பிக்கொள்ளும் விதமும் வேடிக்கையானது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. 1790களில் ராபர்ட் டவுன்சன் என்ற ஆங்கில இயற்கையாளர், காய்ந்துபோன தவளைகளை ஈரமான மையொற்றுத் தாளின் மேல் உட்காரவைத்து எடை பார்த்தார். எடை கூடியது. தாளிலிருந்த ஈரம் தவளையின் வயிறு வழியே உள்ளே போயிருந்தது. பின்தொடைகளுக்கு இடைப்பட்ட அடிவயிற்றில் இரத்த நுண்குழாய்கள் அடர்ந்த ஒரு பகுதி இருக்கிறது. அதை இருக்கைத் திட்டு என்று சொல்லலாம், ஏனென்றால் அது உட்கார்ந்துகொண்டே குடிக்கிறது. அந்தத் திட்டின் செல்களில் நீர் மட்டும் நுழையக்கூடிய நுண்ணிய புரத வாசல்கள் உண்டு. இவ்வகை வாசல்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் நீர் குறையும்போது தவளைத் தோலில் இந்த வாசல்கள் கூடுகின்றன. குளித்து முடித்த பிறகு சிமெண்டுத் தரையில் நிற்கிற மெல்லிய ஈரம் நமக்கு வழுக்கல். தேரைக்கு ஒரு குவளை தண்ணீர்.

குடித்ததை எங்கே வைத்துக்கொள்கிறது என்பதுதான் மனிதர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். சிறுநீர்ப்பையில். தவளையின் சிறுநீர் மிக நீர்த்தது. தேவைப்படும்போது அந்த நீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அது ஒரு நீர்ச்சேமிப்புத் தொட்டி என்று டவுன்சனே கருதினார். இப்போது, தேரையைக் கையில் பிடித்தால் பீய்ச்சுகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். விஷம் பாய்ச்சியது என்று பயந்து நாம் கையை உதறுகிறோம். அது விஷமே இல்லை. பயத்தில் அது கொட்டிவிட்டது தன் அன்றைய சேமிப்பை. நடுப்பகலில் தேரையைப் பிடித்து, பீய்ச்சவைத்து, கொதிக்கிற சிமெண்டு முற்றத்தில் வீசுவது மூன்று வகையில் கேடு: சேமிப்பு போயிற்று, நிழல் போயிற்று, மறுபடி நிரப்பிக்கொள்ள இருட்டும்வரை வழியில்லை. வெறுப்பில்லாமல், வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்கிற காரியமே பல நேரம் அதன் உயிரை எடுத்துவிடுகிறது. இதை நினைத்தால் மனம் கனக்கிறது.

குளியலறை புதிது, தேரை பழையது. நமக்கு முன்னால் அது பாறை வெடிப்பிலும் மரப்பொந்திலும் வாழைப் பட்டையின் இடுக்கிலும் கோடையைக் கழித்தது. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: குறுகிய இடம், அசையாத காற்று, எங்கோ ஓரத்தில் ஈரம். திருப்பரங்குன்றம் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. தோட்டமும் தொழுவமும் கிணற்றடியும் இருந்த பல மனைகள் இன்று சுவரிலிருந்து சுவர்வரை வீடுகள். துவைக்கிற கல்லைச் சுற்றி எப்போதும் ஈரமாக இருந்த மண் சிமெண்டாகிவிட்டது. பொந்து போன பிறகு, பொந்தின் குணமுள்ள அறையைத் தேரை தேர்ந்தெடுக்கிறது. அது நம் இடத்துக்குள் அத்துமீறி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதைவிட, அதன் இடத்தின் கடைசிச் சாயல் நம் வீட்டில் அந்த அறையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே உண்மைக்கு அருகில்.

சுண்ணாம்புச் சுவர் போய்க் கண்ணாடிபோன்ற டைல்ஸ் வந்தும் அது வழுக்கி விழவில்லையே என்று கேட்கலாம். விரல் தட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் அறுகோணமான செல்கள் தேன்கூடு போல் அடுக்கப்பட்டிருக்கும். செல்களுக்கு இடையே வாய்க்கால்கள், அவற்றில் சளிநீர். ஈரமான கண்ணாடிக் குவளை மேசையோடு ஒட்டிக்கொள்வதுபோல், மெல்லிய நீர்ப்படலம் தட்டைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் நீர் ஒட்டும், கூடவே வழுக்கவும் செய்யுமே? கேம்பிரிட்ஜின் வால்டர் ஃபெடர்லேயும் கிளாஸ்கோவின் ஜான் பார்ன்ஸும் 2006இல் ஒரு ஆஸ்திரேலிய மரத்தவளையைக் கண்ணாடிமேல் நிறுத்தி, அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, சோப்புக் குமிழியில் தெரிகிற வண்ணக் கோலங்கள் போன்றவற்றைக் கொண்டு படலத்தின் தடிமனை அளந்தார்கள். அது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்குதான். பல இடங்களில் தட்டின் நுண்முனைகள் கண்ணாடியையே தொட்டன. கூடுதல் நீர் வாய்க்காலில் வடிந்துவிடுகிறது, மழைக்கால டயரின் பள்ளங்கள்போல. நாம் போடுகிற டைல்ஸ் அதற்கு ஒரு தடையே இல்லை.

சித்தர் தேரையரைப் பற்றி ஒரு கதை நம்மிடையே வழங்குகிறது. தலைவலியால் துடித்தவரின் கபாலத்தைத் திறந்தபோது மூளைமேல் ஒரு தேரை. குறட்டால் பிடுங்கினால் ஆபத்து. அப்போது சீடராக இருந்த தேரையர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னே காட்ட, தேரை தானாகத் துள்ளி நீரில் விழுந்ததாம். கபாலத்தில் தேரை புகுவது கதை. ஆனால் அதைக் கட்டியவர் தேரையின் குணத்தைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். விரட்டினால் இன்னும் இடுக்குக்குள் போகும், ஈரத்தைக் காட்டினால் வெளியே வரும். குளியலறையில் வேண்டாம் என்பவர்கள் தோட்டத்தில் அதைவிட நல்ல இடம் ஒன்றைச் செய்துகொடுத்தால் போதும். வாழையடியிலோ செம்பருத்திப் புதரடியிலோ உடைந்த பானை ஓட்டைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் அகலமான மண்தட்டில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மாலையில் அந்த மண்ணை நனைத்துவிட வேண்டும்.

தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வருமே? இது நியாயமான பயம், தள்ளிவிடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே தட்டு நீரைத் தினமும் கொட்டி, ஓரத்தைத் தேய்த்துவிட்டு மாற்ற வேண்டும். முட்டைகள் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். கோடையில் தேரைக்கு வேண்டியது குளம் அல்ல, ஈரம். தேரை கொசுவைத் தின்று தீர்த்துவிடும் என்று சொல்வோரும் உண்டு, அது மிகை. வளர்ந்த தேரை பெரும்பாலும் கரப்பான், சில்வண்டு, அந்துப்பூச்சி போன்ற பெரிய இரைகளையே பிடிக்கிறது. கொசு விஷயத்தில் உண்மையான பங்கு தலைப்பிரட்டைகளுக்கு இருக்கலாம். இலங்கையில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், நம் தேரையின் நெருங்கிய உறவான இலங்கை மரத்தவளை உட்படப் பல இனங்களின் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் முட்டைகளைத் தின்றன. அது ஆய்வகத் தொட்டியில் கண்டது, வீட்டுக்கு வீடு நடக்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. கோஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் பூஞ்சை நோயால் தவளைகள் அழிந்த பிறகு மலேரியா கூடியதை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

பாம்பு வரும் என்பது அடுத்த பயம். தண்ணிப்பாம்பும் சாரையும் நல்லபாம்பும் தவளையைத் தின்னும், மறைக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டுக்குப் பாம்பை இழுப்பதில் எலிக்கும், அடுக்கி வைத்த பழைய செங்கலுக்கும், கதவடி இடைவெளிக்கும் இருக்கிற பங்கு சுவரில் ஒட்டிய ஒற்றைத் தேரைக்கு இல்லை. அவற்றைச் சரிசெய்வதே முறை. விஷத்தைப் பொறுத்தவரை, சொறித்தவளையின் காதுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில்தான் நச்சுப்பால் உண்டு. நாய் கவ்வினால் நுரை தள்ளும், நம் கண்ணில் பட்டால் எரியும். தொட்டால் மரு வராது, மரு வைரஸால் வருவது. எந்தத் தவளையைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும், அது போதும். தேரை மோந்த தேங்காய் என்கிற பழிக்கும் ஆதாரமில்லை: ஒல்லிக்காய்க்குச் சத்துக்குறையும் மகரந்தச் சேர்க்கைக் குறையும் காரணம், காய் சுருங்கிச் சிறுப்பதற்கு ஈரியோபைட் சிலந்தியும் காரணம்.

உண்மையில் இந்த உறவில் ஆபத்து அந்தப் பக்கம்தான் அதிகம். நீரை உறிஞ்சுகிற அதே வயிற்றுத் தோல் பினாயிலையும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தடுக்காது. கழுவுவதற்கு முன் சுவரை ஒருமுறை பார்த்துக்கொள்வதும், கழுவியபின் நல்ல தண்ணீர் விட்டு அலசுவதும் பெரிய வேலை இல்லை. கட்டாயம் வெளியே விடத்தான் வேண்டும் என்றால், இருட்டும்வரை பொறுத்து, ஒரு மக்கைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி, கை படாமல் எடுத்து, நனைத்த வாழையடியில் விடலாம்.

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் இதே தேரைகள் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரிலோ, தண்ணீருக்கு மேலே தொங்குகிற இலையிலோ கூடுகின்றன. பெண் ஒரு திரவத்தை விட்டு, முட்டை வெள்ளைக்கருவை அடிப்பதுபோல் பின்கால்களால் கடைந்து நுரைக்கூடு கட்டும். யாரோ சோப்பு நுரையை வழித்து அப்பிவிட்டுப் போனதாக நினைத்துப் பலர் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். வெளிநுரை காற்றில் காய்ந்து ஓடுபோல் இறுகுகிறது, உள்ளே ஈரம் காக்கப்படுகிறது. தாயின் தோலால் முழுதாகச் செய்ய முடியாததை இந்த நுரை சில நாட்களுக்குச் செய்து முடிக்கிறது. குடிநீர்த் தொட்டியாக இருந்தால் கூட்டை ஒரு அகப்பையால் சிதையாமல் வழித்து, தோட்டத்துத் தொட்டிக்கு மேலே ஓரமாக வைக்கலாம். ஓரிரு நாள் மழை தூறியதும் கூட்டின் அடிப்பக்கம் இளகும். பிறகு ஒவ்வொன்றாக, கறுப்பு உளுந்து அளவுக்கு, தலைப்பிரட்டைகள் தண்ணீரில் சொட்டத் தொடங்கும்.